ஐஸ் பாஷையில் ஒரு கல்யாணம்

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி, படகுகளெல்லாம் கரையேறி வயிறு தெரியக் கிடந்த ஒரு சித்திரை மாதத்தில், உவரோடை ஊரில் யார் என்ன வாக்குக் கொடுத்தாலும் அதற்குச் சத்தம் வராமல் போயிற்று. உதடு அசையும், நாக்கு புரளும், தொண்டைக்குழி ஏறி இறங்கும், ஒலி மட்டும் இருக்காது. பிள்ளையிடம் சாயங்காலம் அல்வா வாங்கி வருவதாகச் சொன்ன தகப்பனுக்குச் 'சாயங்காலம்' வரைக்கும்தான் குரல் இருந்தது; மிச்சத்தைக் காற்று தின்றுவிட்டது. மற்றபடி எல்லாப் பேச்சும் எப்போதும்போலத்தான். விலை பேச முடிந்தது, புறணி பேச முடிந்தது, நாளைக்கு மழை வரும் என்றுகூடச் சொல்ல முடிந்தது, ஏனென்றால் மழை யாருக்கும் வாக்குக் கொடுத்துவிட்டு வருவதில்லை.

ஊர் முதலில் சுக்கும் மிளகும் இடித்துக் குடித்தது. பிறகு மாதா கோயிலுக்கு மெழுகுவர்த்தியும் முத்தாரம்மனுக்கு மஞ்சள் புடவையும் தர்காவுக்குப் பச்சைத் துணியும் கொடுத்தது. நேர்ந்துகொள்வதுகூட வாக்குத்தான் என்பதால் அதைச் சத்தமில்லாமலே நேர்ந்துகொண்டது. ஒன்றும் ஆகவில்லை. சரி, உப்புக்காற்று மாதிரி இதுவும் ஒன்று என்று பழகிக்கொண்டது. மிரட்டலுக்கு மட்டும் சத்தம் உண்டு என்பதை யாரோ ஒரு தாய் கண்டுபிடித்தாள். அதிலிருந்து பெண்கள் பிள்ளைகளிடம், "இன்னைக்கு உனக்கு முறுக்கு சுட்டுத் தராம விடுவேனா பாரு, தொலைச்சுப்புடுவேன்" என்று அன்பைக் கையோங்கிச் சொல்லப் பழகினார்கள். ஓட்டுக் கேட்க வந்த ஒருவர் ஒலிபெருக்கியில் "அன்பார்ந்த வாக்காளப் பெருமக்களே" என்று முழங்கி, அரை மணி நேரம் கையை வீசி வியர்த்து விறுவிறுத்து, கடைசியில் "நன்றி, வணக்கம்" என்று முடித்தபோது, கூட்டம் இதுவரை கேட்டதிலேயே நல்ல பேச்சு இதுதான் என்று கைதட்டியது.

ரெஜினாளுக்கு இந்த மாற்றம் தெரியவே பல நாள் ஆயிற்று. அவள் யாருக்கும் வாக்குக் கொடுப்பதை விட்டு வெகு காலம் ஆகியிருந்தது.

அவள் துறைக்குப் பின்னாலிருந்த ஐஸ் பிளான்டில் ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்து டோக்கன் கொடுப்பவள். இருபது வயதில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள், தலையில் பாதி வெளுத்தும் அதே நாற்காலியில்தான் இருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முன்னொரு காலத்தில் அங்கே ஐஸ் பார் சுமக்க வந்த தவசி என்பவனுக்கும் அவளுக்கும் பழக்கம் உண்டாயிற்று. அவன் வேற ஆள், வேற சாமி. ஐஸ் அரைக்கிற மிஷினின் இரைச்சலில் கத்தித்தான் பேச வேண்டும், கத்தினால் ஊருக்கே கேட்கும். ஆகவே அவர்கள் தங்களுக்கென்று ஒரு பாஷையைச் செய்துகொண்டார்கள். முதலில் ஐஸுக்கு ஒரு சொல், பிறகு கோணிச் சாக்குக்கு ஒரு சொல், பிறகு சிரிப்புக்கு, பசிக்கு, மரத்துப்போன விரலுக்கு என்று ஒன்றொன்றாய்ப் பிறந்து, இரண்டு மழைக்காலம் கழிவதற்குள் அது வளர்ந்து நின்றது. உலகத்தில் இரண்டே பேர் பேசிய பாஷை அது.

அவளுடைய அண்ணன் மரியலூயிஸுக்கு ஒருநாள் விஷயம் தெரிந்தது. அவன் தவசியைத் துறையில் வைத்து அடித்து, ஆள்களோடு கூட்டிப்போய் தூத்துக்குடி பஸ்ஸில் ஏற்றிவிட்டான். ரெஜினாள் ஓடி வந்தபோது பஸ் நகர்ந்துகொண்டிருந்தது. பின்பக்கக் கண்ணாடி முழுக்கப் புழுதி, முகம் தெரியவில்லை. உள்ளேயிருந்து அவன் குரல் மட்டும் வந்தது: "ஈலு நவுரா!" சாயங்காலம் சாயங்காலம் பிரியும்போது அவர்கள் சொல்லிக்கொள்வது அதுதான். வருவேன் என்று அர்த்தம்.

அவன் வரவில்லை. சில வருஷம் கழித்து, விசைப்படகில் வடக்கே போய் வந்தவர்கள், குஜராத் கரையில் வெராவலில் ஒரு ஐஸ் பிளான்டில் அவனைப் பார்த்ததாகச் சொன்னார்கள். 'வழி தெரியாதவனா அவன்' என்று ரெஜினாள் நினைத்தாள். அன்றைக்குப் பிடித்த கோபத்தை அவள் விடவில்லை. ஒரு ஆள் சாய்ந்துகொள்ளச் சுவர் வேண்டியிருக்கிற மாதிரி அவளுக்கு அந்தக் கோபம் வேண்டியிருந்தது. ஆனாலும் பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே. தினமும் வேலை முடிகிற சங்கு ஊதி, வீட்டுக்குப் புறப்படும்போது, கோணித் திரைக்குப் பின்னால் புகைந்துகொண்டிருக்கும் ஐஸ் பார்களைப் பார்த்து, "ஈலு நவுரா" என்று ஒருதரம் சொல்லிவிட்டுத்தான் போவாள்.

இப்படியிருக்க, ஊரில் கல்யாணங்கள் தேங்கின. தாலி கட்டலாம், மேளம் கொட்டலாம், பிரியாணி போடலாம், ஆனால் மாதா கோயில் பங்குச்சாமி அமல்தாஸ், "மாப்பிள்ளையும் பொண்ணும் சொல்லுற வாக்கு சாட்சிக்காரங்க காதுல விழணும். விழாட்டா அது கல்யாணம் இல்ல, போட்டோ எடுப்பு" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அக்கினி வலம் வந்தவர்களுக்கும் அதே கதி. பள்ளிவாசலில் சம்மதம் கேட்டபோதும் அதே கதி. எல்லாவற்றையும்விடப் பெரியவர்களின் ஆசீர்வாதம் ஊமையாய்ப் போனதைத்தான் ஊரால் தாங்க முடியவில்லை. தழைத்து வாழ்வீர்கள் என்று சொல்வதும் கடவுளை ஜாமீன் வைத்துக் கொடுக்கிற வாக்குத்தானே. காலில் விழுந்த பிள்ளைகளின் தலையில் கை வைத்து, பெரியவர்கள் கரையில் போட்ட மீனைப்போல வாயைத் திறந்து திறந்து மூடினார்கள். மலையாளத்தில் சொல்லிப் பார்த்தார்கள், இங்கிலீஷில் சொல்லிப் பார்த்தார்கள், சாமியார் லத்தீனில் சொல்லிப் பார்த்தார், ஐயர் சமஸ்கிருதத்தில் சொல்லிப் பார்த்தார். எதுவும் எழும்பவில்லை.

அப்படித் தேங்கி நின்ற கல்யாணங்களில் ஒன்று மரியலூயிஸின் மகள் ஜெஸிந்தாவுடையது. மாப்பிள்ளை டெல்வின், பக்கத்துத் துறைக்காரன், நல்ல பையன். ஒருநாள் சாயங்காலம் அத்தையைக் கூட்டிப்போக ஐஸ் பிளான்டுக்கு வந்தவள், வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அத்தை, இப்ப ஐஸைப் பாத்து என்னமோ சொன்னியே. என்னது?"

"ஒண்ணுமில்ல மக்களே. பழைய பேச்சு."

"அர்த்தம் என்ன?"

ரெஜினாள் அர்த்தத்தைச் சொன்னாள். அவள் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அத்தையும் மருமகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்ப அது வாக்கு," என்றாள் ஜெஸிந்தா மெல்ல. "அது எனக்குக் கேட்டுச்சு அத்தை. நல்லாக் கேட்டுச்சு."

மறுநாள் காலையில் மரியலூயிஸ் ஐஸ் பிளான்ட் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றான். தங்கையின் வீட்டுக்கு அடுத்த வீட்டிலேயே இருந்தும், பஸ் போன நாளிலிருந்து அவளிடம் நேராகப் பேசாதவன். டோக்கன் வாங்குகிறவன்போல ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"ரெஜினா, இந்தப் பாஷையெல்லாம் ஏன் ஊமையாப் போச்சுன்னு புள்ள ஒரு காரணம் சொல்லுதா. எல்லாப் பாஷையிலயும் நாம வாக்குக் கொடுத்துக் கொடுத்துத் தவறிட்டோமாம். தவறாத பாஷை ஒண்ணு இருந்தா அதுக்கு மட்டும் சத்தம் இருக்குமாம்."

"சின்னப் புள்ள, என்னத்தையாவது சொல்லும்."

"யோசிச்சுப் பாத்தேன்." அவன் தரையைப் பார்த்தான். "உங்க பாஷைக்குச் சத்தம் இருக்குன்னா, அந்தப் பய வாக்குத் தவறலன்னுல்லா அர்த்தம்."

கல்யாண வாக்கை அந்தப் பாஷையில் மாற்றித் தரும்படி கேட்கத்தான் அவன் வந்தான், அதையும் கேட்டுவிட்டுத்தான் போனான். ஆனால் ரெஜினாளுக்கு அதற்குமேல் ஒன்றும் காதில் விழவில்லை. யாரோ வந்து சுவரை உருவிக்கொண்டு போய்விட்டார்கள். அத்தனை வருஷமாய், தவசி ஏமாற்றினான் என்று வைத்துக்கொண்டு வாழ்ந்தது எவ்வளவு சுலபமாக இருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. அன்று முழுக்க அவள் தப்புத் தப்பாய் டோக்கன் கொடுத்தாள். வெறுக்கிறதற்கு ஆள் இல்லாமல் போன வெறுமையில், அவனுடைய ஈரச்சட்டையின் வாடை, அவன் சிரிக்கும்போது ஒரு பக்கம் இறங்குகிற உதடு, சாக்கு நார் ஒட்டியிருக்கும் தோள் எல்லாம் வரிசை கட்டி வந்து நின்றன.

இருந்தாலும் பிள்ளையின் கல்யாணம். அவள் ஒப்புக்கொண்டாள்.

மொழிபெயர்ப்பு சாமியாரின் அறையில் நடந்தது. சாமியார் வாக்கை ஒவ்வொரு துண்டாகச் சொல்ல, ரெஜினாள் கண்ணை மூடி ஐஸ் பிளான்டுக்குள் போய், அதற்குரிய சொல்லைத் தேடி எடுத்து வர, ஜெஸிந்தாவும் டெல்வினும் அதைத் திருப்பிச் சொன்னார்கள்.

"இன்பத்திலும் துன்பத்திலும்," என்றார் சாமியார்.

"தோமுவிலும் சோய்ரியிலும்."

"நேரான அர்த்தம் என்னம்மா?"

"தோமுன்னா கரன்ட் போறது, சாமி. கரன்ட் போனாத்தான் மிஷின் நிக்கும். மெல்லப் பேசலாம். எங்களுக்கு அதைவிட இன்பம் கிடையாது."

"சோய்ரின்னா?"

"ஞாயித்துக்கிழமை. பிளான்ட் லீவு. ஒருத்தரை ஒருத்தர் பாக்க முடியாது."

"ஞாயித்துக்கிழமைதான் துன்பம்னு என் கோயில்ல, என் பீடத்துக்கு முன்னால நிண்ணு சொல்லணும்ங்கியா?"

"வேற சொல் இல்ல சாமி."

சாமியார் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, அடுத்ததற்குப் போனார். உடல்நலமும் நோயும், சூடான விரலும் மரத்த விரலும் ஆயின. 'சாவு நம்மைப் பிரிக்கும் வரை' என்ற இடத்தில் ரெஜினாள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். சாவுக்கு அவர்கள் சொல் செய்திருக்கவில்லை. அந்த வயதில் யார் செய்வார்கள். கடைசியில் 'பூவாங்' என்றாள். வேலை முடிகிற சங்குக்கு அவர்கள் வைத்த பேர். பூவாங் ஊதும் வரைக்கும். சாமியார் அந்தச் சொல்லைத் தன் பூசைப் புத்தகத்தின் ஓரத்தில் எழுதிக்கொண்டார்.

ஆசீர்வாதங்களை மாற்ற ஊர்ப் பெண்கள் நாலு பேர் வந்து கூடினார்கள். ஆல்போல் தழைக்க அந்தப் பாஷையில் ஆலமரம் இல்லை. ஐஸ் பிளான்டில் பச்சையாக இருந்தது தண்ணீர்க் குழாய்க்கு அடியில் படர்ந்த பாசி ஒன்றுதான். ஆகவே பாசிபோல் படர்ந்து, வழுக்காமல் வாழ்க என்று ஆயிற்று. பதினாறும் பெற்று வாழவும் வழியில்லை. அந்தப் பாஷையில் எண்ணிக்கை இரண்டோடு நின்றுவிட்டது, அதற்குமேல் போனால் 'எல்லாரும்' என்று ஒரே சொல்தான். "அதுவும் நல்லதுதான்," என்றாள் ஒரு பெண். "ரெண்டா இருங்க, இல்லாட்டா எல்லாருமா இருங்க. இதுல என்ன குறைஞ்சுபோச்சு?"

கடைசியில் வாக்கின் முதல் வரிக்கு வந்தார்கள். அதைத்தான் ரெஜினாள் தள்ளிக்கொண்டே வந்திருந்தாள். நான் உன்னை ஏற்றுக்கொள்கிறேன்.

"ஈலு ஈலுவை மய்யும்," என்றாள்.

ஜெஸிந்தா அதைச் சொல்லிப் பார்த்து நிறுத்தினாள். "அத்தை, இதுல நான் எது? அவங்க எது?"

"ரெண்டுக்கும் ஒரே சொல்தான். நானும் ஈலு, நீயும் ஈலு. இருந்ததே ரெண்டு பேரு, பிறகு எதுக்கு ரெண்டு சொல்?"

"அப்ப நான்னு சொல்றியா நீன்னு சொல்றியான்னு எப்படித் தெரியும்?"

"முகத்தைப் பாத்தாத் தெரியும்."

"முகம் தெரியாட்டா?"

ரெஜினாள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். தூத்துக்குடி பஸ்ஸின் பின்கண்ணாடியில் அப்பியிருந்த புழுதி அவள் கண்ணுக்கு முன்னால் எழும்பி நின்றது. ஈலு நவுரா. நான் வருவேன். இல்லை, நீ வருவாய். இரண்டும் அதுதான். உள்ளே உட்கார்ந்திருந்தவன் எதைச் சொன்னான்? அடிபட்டுத் துரத்தப்பட்டவன், இந்த ஊர் மண்ணை மிதித்தால் காலை வெட்டுவேன் என்று அண்ணன் மிரட்டியதைக் கேட்டுவிட்டுப் போனவன், எதைச் சொல்லியிருப்பான்?

"அத்தை, என்ன? உடம்புக்கு முடியலியா?"

"அவன் வாக்குத் தவறல மக்களே," என்றாள் ரெஜினாள். "அது அவன் கொடுத்த வாக்கே இல்லபோலிருக்கு."

தடைக்காலம் முடிவதற்கு முந்தின வாரம் கல்யாணம் நடந்தது. கோயில் கொள்ளாமல், முத்தாரம்மன் தெருக்காரர்களும் பள்ளிவாசல் தெருக்காரர்களும் வெளியே மணலில் நின்றார்கள். டெல்வின், ஜெஸிந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு, ஈலு ஈலுவை மய்யும், தோமுவிலும் சோய்ரியிலும், சூட்டு விரலிலும் மரத்த விரலிலும், பூவாங் ஊதும் வரைக்கும் என்று ஐஸ் பாஷையில் சொல்லி முடித்தபோது, ஒவ்வொரு சொல்லும் கூரையில் முட்டித் திரும்பி வந்தது. சத்தமாய் ஒரு வாக்கைக் கேட்டு எவ்வளவு நாள் ஆயிற்று என்று ஊருக்கு அப்போதுதான் உறைத்தது. கிழவர்கள் அழுதார்கள். மரியலூயிஸ் மகளின் தலையில் கை வைத்து, பாசிபோல் படர்ந்து வழுக்காமல் வாழச் சொன்னான். தன் குரலைத் தானே கேட்டுத் திடுக்கிட்டு, இன்னொரு தரம் சொன்னான். அதன்பின் தேங்கி நின்ற கல்யாணமெல்லாம் அதே சொற்களில் நடந்தன. அக்கினியைச் சுற்றியவர்களும் அதையே சொன்னார்கள். மௌலவி வந்து சம்மதம் சொல்லும் சொல்லை மட்டும் கேட்டு, ஓதி ஓதி மனதில் ஏற்றிக்கொண்டு போனார். ரெஜினாள் யாருக்கும் இல்லையென்று சொல்லவில்லை. இத்தனை வாயில் புழங்கினால் என்றைக்காவது ஒருவன் தவறுவான், அன்றைக்கு இந்தப் பாஷையும் ஊமையாகும் என்று சாமியார் எச்சரித்தபோது, "அதுக்குள்ள நான் போய்ச் சேந்துட்டாப் போதும் சாமி," என்றாள்.

"எங்கம்மா?"

"வெராவல்."

ஸ்டேஷனுக்கு அண்ணன்தான் கொண்டுவந்து விட்டான். ரயில் கிளம்பும்போது ஜன்னலோடு கூடவே நடந்து, "நான் அன்னைக்குக் கைநீட்டியிருக்கக் கூடாது," என்றான். அது நடந்து முடிந்ததைப் பற்றிய பேச்சு என்பதால் அதற்குத் தமிழிலேயே சத்தம் இருந்தது.

ரயில் மாறி ரயில் ஏறி, பாஷை தெரியாத மனிதர்களிடம் ஐஸ் ஐஸ் என்று கையைக் காட்டிக் கேட்டுக் கேட்டு, ஒரு மத்தியானம் அவள் அந்தக் கரையில் போய் இறங்கினாள். அதே மீன் வாடை, அதே அமோனியா வாடை, அதே இரைச்சல். பிளான்ட் வாசலில் தவசி என்றதும் தலையாட்டி, பக்கத்துச் சந்தில் நீலக் கதவு போட்ட வீட்டைக் காட்டினார்கள்.

வாசலில் ஒரு சின்னப் பெண் கருவாட்டுக்குக் காவல் உட்கார்ந்திருந்தாள். அவள் பூனையைத் துரத்திக்கொண்டே, உள்ளே இருந்த யாரிடமோ உரக்கச் சண்டை போட்டாள். அந்தச் சண்டை முழுக்க ரெஜினாளுக்கு விளங்கியது. தோமு என்றது அந்தப் பிள்ளை. சோய்ரி என்றது. ஈலுதான் பூனையை விட்டது, ஈலு இல்லை, ஈலுதான் என்று கத்தியது. உள்ளேயிருந்து வெளியே வந்த பெண் அந்தக் கரைக்காரி, குட்டையாய், வட்டப் பொட்டு வைத்திருந்தாள். கங்காபென் என்று பேர். அவளுக்குத் தமிழ் தெரியாது, அவள் புருஷனுக்கு அவள் பாஷை வசப்படவில்லை. ஆகவே இருவருக்கும் நடுவில் அந்த வீட்டில் ஐஸ் பாஷைதான் கல்யாணத்திலிருந்து புழங்குகிறது என்பது, ஒரு செம்புத் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் ரெஜினாளுக்குத் தெரிந்துவிட்டது. பல வருஷம் தனி ஆளாய் இருந்துவிட்டு, நரை தெரிந்த பிறகுதான் அவன் கட்டிக்கொண்டானாம். பிளான்டுக்குப் போயிருக்கிறான், சங்கு ஊதினால் வந்துவிடுவான் என்றாள் கங்காபென். பூவாங் என்றுதான் சொன்னாள்.

ரெஜினாள் அழவில்லை. தன் பாஷை ஒரு வீட்டில் சோறு தின்று வளர்ந்து, கால் நீட்டி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தான் பிறப்பித்த சொற்களோடு, தனக்குத் தெரியாத சொற்களும் அதில் ஏராளமாய் முளைத்திருந்தன. பூனைக்குச் சொல் இருந்தது. மிளகாய்க்கு இருந்தது. அலைக்குக்கூட ஒன்று இருந்தது. ஒரு சொல் மட்டும் அந்தப் பிள்ளையின் வாயில் திரும்பத் திரும்ப வந்தது: நெமிலா. வானத்தைப் பார்த்து நெமிலா என்றாள், தெருமுனையைப் பார்த்து நெமிலா என்றாள், தாயின் உப்பிய வயிற்றைத் தொட்டு நெமிலா என்றாள்.

"அப்படின்னா என்ன?" என்று ரெஜினாள் அந்தப் பாஷையிலேயே கேட்டாள்.

இதுகூடத் தெரியாதா என்பதுபோலப் பார்த்தது பிள்ளை. "வந்துகிட்டே இருக்கிறது. மழை, பஸ், தம்பிப் பாப்பா."

"யாரு வச்ச சொல்?"

"அப்பா. முன்னாடி அது ஒரு ஆளோட பேராம். ரொம்ப தூரத்துல இருந்து வந்துகிட்டே இருக்கிற ஆளு. இப்ப நாங்க எல்லாத்துக்கும் சொல்றோம்."

கங்காபென் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். விருந்தாளியின் முகத்தைப் பார்த்தாள், அவள் மடியில் இருந்த பையைப் பார்த்தாள், பையை இறுக்கிப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய், அரிசி இன்னும் ஒரு கைப்பிடி அள்ளி உலையில் போட்டாள்.

பிளான்டில் சங்கு ஊதியது. பிள்ளை துள்ளி எழுந்து சந்தின் முனைக்கு ஓடினாள். விருந்தாளி வந்த சேதியை அப்பாவிடம் முதலில் சொல்ல வேண்டும் அவளுக்கு. பாதி வழியில் நின்று, குழம்பிப்போய்த் திரும்பி ஓடி வந்தாள்.

"வந்துகிட்டே இருந்தா நெமிலா," என்றாள் மூச்சிரைக்க. "வந்துட்டா என்னன்னு சொல்லணும்? எங்க வீட்டுல அதுக்குச் சொல் இல்லியே."

"எங்க வீட்டுலயும் இல்ல," என்றாள் ரெஜினாள்.

சந்துக்குள் ஈரச் சாக்கைத் தோளில் போட்ட ஒரு ஆள் திரும்பினான். அவள் எழுந்து, முகம் நன்றாகத் தெரியும்படி வெயிலில் போய் நின்றாள்.